உருளியின் இன்னொரு காது

திருவனந்தபுரத்தில் தமிழர்கள் ஏன் வந்து குடியேறினார்கள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் மெதுவாக எழுந்து வெற்றிலை போடப் போய்விடுவேன். பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் மகாராஜாக்கள் வருவார்கள். அப்புறம் பத்மநாப சுவாமி வருவார். கணக்கும் இங்கிலீஷும் தெரிந்த புத்திசாலிகள் சர்க்காருக்குத் தேவைப்பட்டார்கள் என்பார்கள். சொல்கிறவர் அந்தப் புத்திசாலிகளில் தன்னையும் சேர்த்துக்கொள்வார். கொஞ்சம் தைரியமுள்ள ஆசாமியாக இருந்தால், ஊட்டுப்புரையில் பிராமணனுக்கு வேளாவேளைக்கு இலவசச் சாப்பாடு கிடைத்ததையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லிவிடுவார். எங்கள் குலப்பெருமையில் அந்த இலைச் சாப்பாட்டுக்கு உள்ள பங்கைப் பற்றி நாங்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

இதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மகாராஜாவும் சோறும் கொச்சியில் இல்லையா, மைசூரில் இல்லையா? நான் ஏன் அங்கே போய் உட்காரவில்லை? சொல்லப்போனால் நான் திருவனந்தபுரத்தில் குடியேற வந்தவனே இல்லை, பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தவன். என் விஷயத்தில் காரணம் ஒன்றுதான். வலியசாலைத் தெருவில் ஒரு மாமி, பெரிய வெண்கல உருளி ஒன்றின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு, இன்னொரு காதை என் பக்கம் திருப்பி, "அம்பி, இதை ஒண்ணு பிடி" என்றாள். பிடித்தேன். இன்னும் இறக்கி வைக்கவில்லை.

மாமியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. ஒடிசலான உடம்பு, குள்ளம். குரல் மட்டும் கோவில் குளத்தின் அக்கரையில் குளிக்கிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அவள் கையில் எப்போதும் ஏதாவது ஒன்றின் பாதி இருக்கும். மடிக்க வேண்டிய ஜமக்காளத்தின் ஒரு முனை, நகர்த்த வேண்டிய பெஞ்சின் ஒரு தலை, கட்ட வேண்டிய மாவிலைத் தோரணத்தின் ஒரு நுனி. மற்றப் பாதிக்கு ஆள் தேடிக்கொண்டு கண் தெருவில் அலையும். புதிதாக மூட்டையும் முடிச்சுமாக ஒருவன் தெருவில் நுழைந்துவிட்டால் தீர்ந்தது. வா என்று சொல்லமாட்டாள். உட்கார் என்று சொல்லமாட்டாள். தாகத்துக்கு மோர் வேண்டுமா என்று கேட்கவே மாட்டாள். "ஒண்ணு பிடி" என்பாள்.

இதற்கு நேர் எதிரான மனிதர் ஒருவர் கோட்டைக்குள் இருந்தார், வக்கீல். தங்கமான மனிதர். திருநெல்வேலியிலிருந்து எவன் வந்தாலும் வாரக்கணக்கில் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீரும் போட்டுக் கொடுப்பார். அவர் வீட்டில் தங்கிய ஒருவனாவது ஊரில் நிலைத்தானா என்றால் இல்லை. உடம்பு தேறியதும் சென்னைக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறிவிடுவார்கள். ஒரு கல்யாணப் பந்தலில் வக்கீல் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். மாமி அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னாள்: "வயத்துக்குப் போட்டா, மதி, போதும்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவா. கையில ஒண்ணை ஏல்பிச்சா எங்கே போவா? நம்மை வேணும்னு ஒருத்தர் சொல்ற ஊர்லதான் மனுஷா இருப்பா, கேட்டியா?"

ஏல்பிக்கிறது என்றால் ஒப்படைப்பது. மலையாளத்திலிருந்து மாமி எடுத்துக்கொண்ட வார்த்தைகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

என்னை ஏல்பித்த கதையைச் சொல்கிறேன். பம்பாயில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை ஒன்றை என் பெரியப்பா பிள்ளை பார்த்து வைத்திருந்தான். கிளம்புவதற்கு முன் நான் பத்மநாபனைச் சேவிக்க வேண்டும் என்பது என் அம்மாவின் பிரார்த்தனை. அதற்காக வந்து, தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு பையோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் தங்கியிருந்தேன். அன்று தெருவில் ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம். தெருவுக்குப் பொதுவான சமையல் பாத்திரங்கள் கோவிலை ஒட்டிய ஓர் அறையில் இருக்கும். யார் வீட்டில் விசேஷம் வந்தாலும் அங்கிருந்துதான் எடுக்கவேண்டும். உருளியைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்துவிட்டு நான் நழுவப் பார்த்தேன். "எங்கே போறாய்? சாயங்காலம் திருப்பி வைக்கணுமாக்கும்" என்றாள். சாயங்காலம் திருப்பி வைத்தோம். அறையைப் பூட்டினாள். "எனக்குக் கை ஈரம். சாவியை உன் பூணூல்ல முடிஞ்சுக்கோ. அப்புறம் வாங்கிக்கறேன்" என்றாள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் சாவியைப் பூணூலில் முடிவதுதான் வழக்கம். வேட்டியில் பை ஏது?

மறுநாள் காலை நான் சாலைக் கடைத்தெருப் பக்கம் இருந்த பழைய ஸ்டேஷனுக்குப் போய் ரயிலில் உட்கார்ந்துவிட்டேன். புழுக்கம் தாங்காமல் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். நெஞ்சில் சாவி தட்டுப்பட்டது. அன்று அதே தெருவில் ஒரு கல்யாணத்துக்கு ஜானவாசம், ஊரழைத்த சாப்பாடு. பாத்திரமெல்லாம் உள்ளே. சாவி ரயிலில்.

ஜன்னல் வழியாக யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். அதற்குப் பிறகு எல்லோருமே சொல்லிவிட்டார்கள். பூணூலில் முடிந்ததை அவிழ்த்து வழியில் போகிறவன் கையில் கொடுக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. வண்டி விசில் ஊத, குதித்துவிட்டேன். "சாமீ, பெட்டி! பெட்டி எடுத்தில்லல்லோ!" என்று போர்ட்டர் பின்னாலேயே கத்தினான். பெட்டி கொல்லம் வரைக்கும் போய்விட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. எங்கள் இருவரில் அதிகம் ஊர் பார்த்தது அதுதான்.

வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து நின்றேன். பாத்திர அறை வாசலில் மாமி பதற்றமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். "வந்துட்டியா? பெரிசை முதல்ல இறக்கு. அரிசி களைஞ்சாச்சு" என்றாள். அவ்வளவுதான். சாவியை அவள் திருப்பி வாங்கவே இல்லை. மாமியின் கணவர் அஞ்சல் ஆபீஸில் இருந்தார். பேச்சை ஸ்டாம்பு மாதிரி சிக்கனமாகக் கிழித்துக் கொடுக்கிறவர். அவர் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லி, சர்க்காரின் தலைமை ஆபீஸான ஹஜூர் கச்சேரியில் எனக்குத் தற்காலிகமாக ஓர் இடம் கிடைத்தது. அந்தத் தற்காலிகத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தன, தலை நரைத்தது. ஒவ்வோர் ஆவணி அவிட்டத்துக்கும் புதுப் பூணூல் போட்டுக்கொள்ளும்போது சாவியையும் மந்திரத்தோடு மந்திரமாக மாற்றி முடிந்துகொள்வேன். வேண்டுமென்றே செய்தாயா என்று ரொம்ப நாள் கழித்து மாமியிடம் கேட்டதற்கு, "மறந்துட்டேன்னு வெச்சுக்கோ" என்றாள்.

நானாவது சாது. தஞ்சாவூர் சாஸ்திரிகள் ஒருவரை அவள் பிடித்ததுதான் பெரிய வேட்டை. ஏதோ வைதிக காரியத்துக்காக வந்த மனிதர். இறங்கின நிமிஷம் முதல் திட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. எதை எடுத்தாலும் தேங்காய், எதில் பார்த்தாலும் ஈரம், வேட்டி காய்வதற்குள் திதி வந்துவிடுகிறது, உங்கள் தமிழைக் கேட்டால் காதில் வெந்நீர் விட்டுக் கழுவவேண்டும் என்றெல்லாம். மூட்டை கட்டிவிட்டார். மாமி வழியை மறித்து நின்றாள்.

"நீங்க பறஞ்சது சரிதான். இங்க உள்ளவாளுக்கு நாக்கே கிடையாது. நாளைக்குச் சமாராதனை. ரசம் ரசமா இருக்கான்னு நீங்க ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்."

நைவேத்யம் ஆவதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைக்கக்கூடாதே! ஆகையால் அவர் முகர்ந்துதான் சொல்லவேண்டும். அண்டாவுக்கு மேலே மூக்கை நீட்டி, ஆவியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, "புளி பச்சை வாசனை. மனுஷன் குடிப்பானா இதை?" என்றார். சமையல்காரர்கள் நடுங்கினார்கள். அவருடைய முகத்தில் முதல்முறையாக ஒரு களை வந்தது. அதற்குப் பிறகு தெருவில் அவர் மூக்கு படாமல் எந்த விசேஷத்திலும் இலை போட்டதில்லை. குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார். கடைசி மூச்சு வரை இந்த ஊரைத் திட்டிக்கொண்டு இந்த ஊரிலேயே இருந்தார். தஞ்சாவூரில் அவர் திட்டினால் கேட்க யார் இருந்தார்கள்?

இப்படித் தெரு நிரம்பியது. ஒரு நாள் உருளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே மாமி சொன்னாள். விவரம் தெரியாத வயதில் கல்யாணமாகி, கும்பகோணம் பக்கத்திலிருந்து திருநெல்வேலி வரை ரயிலிலும், அப்புறம் ஆரல்வாய்மொழி வழியாக மாட்டுவண்டியிலும் வந்து இறங்கினாளாம். அப்போது தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே வௌவால். "பேச ஆள் கிடையாது, அம்பி. எதிராத்துப் பூட்டோட பேசிண்டிருப்பேன். அது பதில் சொல்லலேன்னு கோவிச்சுப்பேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவளுக்கு ஒரே பெண். "இவளை நான் வண்டி ஏத்தி அனுப்பமாட்டேன். எதிராத்துல குடுத்து, கூப்பிட்டா கேக்கற தூரத்துல வெச்சுப்பேன்" என்று பெண் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து சொல்லிவந்தாளாம். பூட்டுகளைத் திறந்து ஆட்களை நிரப்பியது எல்லாம் இதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எதிர் வீட்டில் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டுமென்றால் எதிர் வீட்டில் முதலில் மனிதர்கள் வேண்டுமே.

மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தான். அம்பாசமுத்திரத்துப் பையன், மராமத்து இலாகாவில் வேலை. அவனையும் மாமி வழக்கம்போல் பந்தல் மூங்கில் ஒன்றின் மறு நுனியைக் கொடுத்துத்தான் பிடித்தாள். ஆனால் இவன் கொஞ்சம் வேறு தினுசு. மூங்கிலைச் சிரித்துக்கொண்டே வாங்கினான்; ஐந்து நிமிஷத்தில் பார்த்தால் மூங்கில் என் தோளில் இருந்தது, அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "மாமி, இவன் உங்களையே மிஞ்சிடுவான்" என்றேன். "போடா" என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டை வாடகைக்குப் பேசி, பெண்ணைக் கொடுத்துவிட்டாள்.

எல்லாக் கணக்கும் போட்ட மாமி ஒரு கணக்கைப் போடவில்லை. எங்களில் மாமியார், மாப்பிள்ளையோடு நேரே நின்று பேசக்கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று, மூன்றாம் மனிதரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஒரு சாமானை அவர் கையில் நேராகக் கொடுக்கவும் கூடாது. "இதை ஒண்ணு பிடி" என்ற மந்திரத்தைத் தாலி கட்டின நிமிஷத்தில் மாமி தானே தொலைத்துக்கொண்டாள்.

மூன்றாம் மனிதன் நான்தான், வேறு யார்? "அம்பி, மாப்பிள்ளை கிட்ட கேளு, கார்த்திகை தீபத்துக்கு எண்ணெய்க் காரியம் அவர் பார்த்துக்க ஒக்குமான்னு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அவனும் என்னைப் பார்த்தே, "பேஷா. அண்ணா, நீங்க அதைக் கொஞ்சம் பார்த்துக்கறேளா?" என்பான். எண்ணெய் என் தலையில். உற்சவக் கமிட்டி என் தலையில். குளத்துப் படி ரிப்பேர், மராமத்துக்காரன் அவனாக இருக்க, என் தலையில். மாமி ஏல்பித்த எல்லாம் அவன் வரைக்கும் போய், சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி என்னிடம் வந்தது. அவன் கை காலியாகவே இருந்தது. கை காலியாக இருக்கிறவன் எந்த வண்டியிலும் ஏறலாம்.

பம்பாயில் ஒரு மின்சாரக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமி சாப்பிடவில்லை. அதைவிட மோசம், பேசவில்லை. கடைசியில் ஒரு காலை, அவன் மாமி வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவன் முன்னால் நின்றுவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்; என்னைப் பார்க்கவில்லை. "இந்த வீட்டை உங்க பேருக்கு எழுதித் தரேன். போகாதேங்கோ" என்றாள். வாழ்நாளில் அவள் ஒருவனுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துபோய்விட்டது. நல்ல பையன்தான். "உங்க வீடு உங்களுக்கே இருக்கட்டும்மா. நான் அங்க வரேன்னு சொல்லிட்டேன்" என்றான். அவனை யாரோ அங்கே வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது மாமியுடைய சட்டம்தானே.

பெண் போனாள். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வந்தாள். ஆண் குழந்தை. மாமிக்கு மறுபடி குரல் வந்துவிட்டது. குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, மழை விடவில்லை, நாள் நன்றாக இல்லை என்று பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் பார்த்து மாமி சொன்ன நாளையெல்லாம் கெட்ட நாளாக்கிக் கொடுத்தார். எத்தனை நாள்தான் நடக்கும்? மாப்பிள்ளை நேரில் வந்துவிட்டான்.

அப்போது ஸ்டேஷன் தம்பானூருக்கு வந்துவிட்டது. நானும் வழியனுப்பப் போயிருந்தேன். மாமா, அதாவது மாமியின் கணவர், இடம் பிடிக்க என்று முன்னாலேயே வண்டிக்குள் ஏறி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாமான் ஏற்றியாயிற்று. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, குழந்தையை ஒண்ணு பிடி. நான் ஏறிக்கறேன்" என்றாள்.

மாமி பிடித்தாள்.

பெண் ஏறினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். குழந்தைக்குக் கையை நீட்டவில்லை. "இங்க வந்து குடும்மா, கூட்டமா இருக்கு" என்றாள். மாமி குழந்தையோடு ஏறினாள். பின்னாலேயே மாப்பிள்ளை ஏறிக் கதவைச் சாத்தினான். வண்டி ஊதியது. "குழந்தையை வாங்கிக்கோடீ, நான் இறங்கணும்" என்று மாமி திரும்பவும், மாமா வாயைத் திறந்தார். "உக்காரு. உன் புடவை பையில இருக்கு" என்றார். அவர் பேசி நான் கேட்டதில் மிக நீளமான பேச்சு அது.

வண்டி நகர்ந்தது. ஜன்னலில் மாமியின் முகம் தெரிந்தது. இரண்டு கையிலும் குழந்தை. அவள் கையில் ஒரு சாமான் முழுதாக இருந்து நான் பார்த்தது அப்போதுதான். "அம்பி! சாவி!" என்று கத்தினாள். "இருக்கு மாமி!" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டே கூட ஓடினேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், வண்டியை நிறுத்துகிற சங்கிலி அவள் தலைக்கு மேலேதான் தொங்கியது. குழந்தையை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதத்தில் வந்துவிடுவாள் என்றார்கள். வரவில்லை. அடுத்த வருஷம் தெருவிலிருந்து ஒரு பையன் பம்பாய் மாதுங்காவில் அவர்களைப் பார்க்கப் போனான். அவனும் வரவில்லை. ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பிறகு அவன் தம்பி போனான். பிறகு சாஸ்திரிகளின் பேரன். எங்கள் தெருவில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழ ஆரம்பித்தது. பம்பாயில் தமிழர்கள் ஏன் குடியேறினார்கள் என்று யாராவது மில்லையும் ரயில்வேயையும் பற்றி ஆரம்பித்தால் அப்போதும் நான் வெற்றிலை போட எழுந்துவிடுவேன்.

யுத்தம் நடந்த சமயத்தில் ஆபீஸ் காரியமாக நானே பம்பாய்க்குப் போகவேண்டி வந்தது. கிளம்பும்போதே தீர்மானம் செய்துகொண்டேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. என் பிள்ளை டில்லிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரிய உருளியைத் தூக்க இன்னொரு காதுக்கு ஆள் கிடைப்பதே பாடாக இருந்தது. போதும் என்று தோன்றிவிட்டது.

மாதுங்காவில் அந்தக் கட்டடத்து மாடிப்படியில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே வந்தவர்களில் ஒருத்தன் கையும் சும்மா இல்லை. ஒருவன் பெஞ்சின் தலையைப் பிடித்திருந்தான், இருவர் ஜமக்காளம் மடித்துக்கொண்டிருந்தார்கள். மாமி இன்னும் சிறுத்துப் போயிருந்தாள். வா என்று சொல்லவில்லை. "சின்ன உருளிக்குக் காது ஆடிண்டிருந்ததே, ஒட்டிச்சியா?" என்றாள்.

"ஒட்டியாச்சு மாமி."

"எதிராம்?"

"பூட்டியிருக்கு."

"அதுக்குப் பக்கத்தாம்?"

"அதுவும்தான்."

நான் சட்டையைத் திறந்து, பூணூல் முடிச்சை அவிழ்த்து, சாவியை நீட்டினேன். "மாமி, இதை ஒண்ணு பிடியுங்கோ" என்றேன்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடி வாங்கப் பயந்த பள்ளிக்கூடத்துக் குழந்தை மாதிரி.

"மாட்டேன்."

"ஏன் மாமி?"

"பிடிச்சா நான் அங்க வரணும். இங்க இவ்வளவு பேர் கையில ஏல்பிச்சுட்டு நான் எப்படி வருவேன்?" குரல் உடைந்துவிட்டது. "நீ வெச்சுக்கோ, அம்பி. நீ ஒருத்தன் அங்க இருந்தாத்தான் எனக்கு அந்தத் தெரு இருக்கு. நீயும் பூட்டிண்டு போயிட்டா நான் யாரோட பேசறது?"

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை அவள் விடவில்லை. டில்லி போயிற்று. சாவியை மறுபடி பூணூலில் முடிந்தேன். முடிச்சு சரியாக விழவில்லை. அவள் குனிந்து, கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, முடிச்சை உற்றுப் பார்த்தாள்.

"இன்னும் இறுக்கு" என்றாள். "ரயில்ல விழுந்துடப்போறது."